241ஆம் பக்கம்

சிறப்புக்கலை இறுதியாண்டு ஆய்வேட்டின் இரண்டாம் இயலை ஒப்படைத்துப் பத்து நாள்களின் பின் மேற்பார்வையாளர் என்னைத் தமது அறைக்கு அழைத்தார். மட்டக்களப்பு வடமோடிக் கூத்தைப் பற்றிய இயல் அது. தாள்கள் மேசைமீது விரிந்து கிடந்தன. ஓர் அடிக்குறிப்பின் கீழே சிவப்பு மையினாற் கோடிட்டிருந்தார். சடங்குக்கும் நாடகத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய ஆங்கில நூலொன்றை அவ்விடத்தில் நான் சான்று காட்டியிருந்தேன். பக்கம் 241 என்றும் குறித்திருந்தேன்.

"இந்த நூலை நீர் எங்கே பார்த்தீர்?"

"நூலகத்தில், சேர்."

அவர் எழுந்து தமது அலுமாரியிலிருந்து அந்த நூலை எடுத்து என்முன் வைத்தார். கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். சொல்லடைவும் உட்பட நூல் 226 பக்கங்களோடு முடிந்திருந்தது.

அந்த நூலை நான் அதற்குமுன் கண்ணாலும் கண்டதில்லை. வேறோர் ஆய்வாளரின் கட்டுரையில் இருந்த அடிக்குறிப்பை அப்படியே பெயர்த்தெழுதியிருந்தேன். 214 என்றிருக்க வேண்டியது அவரது கையிலோ அச்சகத்திலோ 241 ஆகிவிட்டது. பிழை அவருடையது, அதை நம்பி எழுதியதும், நூலகத்திற் பார்த்தேன் என்று பொய் சொன்னதும் என்னுடையவை. மேற்பார்வையாளர் ஏசவில்லை. "உம்முடைய ஆய்வேட்டைப் பார்த்து நாளைக்கு இன்னொருவர் இதே இலக்கத்தை எழுதுவார்" என்று மட்டும் கூறித் தாள்களைத் திருப்பித் தந்தார். ஏசியிருந்தால் இலேசாக இருந்திருக்கும்.

அன்றிரவு விடுதியில் இதை என் அறைத்தோழனிடம் சொன்னேன். அவன் விஞ்ஞானபீடத்திற் கணினி விஞ்ஞானம் பயில்பவன். சொல்லி முடிப்பதற்குள் சிரிக்கத் தொடங்கிவிட்டான். பின்னர் தன் கணினியில் ஒரு கட்டுரையைத் திறந்து காட்டினான். கலிபோர்னியாவைச் சேர்ந்த சிம்கின், றோய்சௌதுரி என்னும் இருவர் 2003இல் வெளியிட்டது. உசாத்துணைப் பட்டியல்களில் உள்ள அச்சுப்பிழைகளை எண்ணி, எத்தனை பேர் மூலத்தை வாசிக்காமலே மேற்கோள் காட்டுகிறார்கள் என்று கணிக்கும் முயற்சி அது. 1973இல் வெளியான பௌதிகக் கட்டுரையொன்றுக்கு நாலாயிரத்துக்கு மேற்பட்ட மேற்கோள்கள் இருந்தன. அவற்றுள் 196 பிழையானவை. ஆனால் வெவ்வேறான பிழைகள் 45 மாத்திரமே. ஒரே பிழை 78 தடவை வந்திருந்தது. எழுபத்தெட்டுப் பேர் தனித்தனியே நூலைப் பார்த்து, தனித்தனியே அதே இலக்கத்தைப் பிழையாக எழுதுதல் நடக்கக்கூடியதன்று. ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியிருக்கிறார். மேற்கோள் காட்டுவோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே மூலத்தை வாசிக்கிறார் என்பது அவ்விருவரின் மதிப்பீடு.

என் 241 அந்த இனத்தைச் சேர்ந்தது. அறிந்தபோது ஓர் ஆறுதல் தோன்றியதை மறைக்கவில்லை. கூட்டத்தோடு செய்த குற்றம் பாதிக் குற்றமாகத் தெரிவது மனித இயல்பு போலும்.

"இது பௌதிகம்" என்றான் தோழன். "எங்கட துறையில ரெண்டு பக்கக் கடிதமொண்டு இருக்கு. எல்லாரும் பேர் சொல்லுவினம். வாசிச்சவை எத்தனை பேர் எண்டு கேட்டுப் பார்."

கலைப்பீட மாணவனொருவன் கணினி விஞ்ஞானச் சஞ்சிகையைப் பற்றி எழுதப் புகுந்ததற்குக் காரணம் இதுவே. அதிலுள்ள கணிதம் எனக்கு விளங்காது. ஆனால் ஓர் ஆய்வாளர் இன்னோர் ஆய்வாளரின் பெயரைத் தம் கட்டுரையில் எழுதும்போது உண்மையில் என்ன செய்கிறார் என்ற வினாவுக்குக் கணிதம் வேண்டியதில்லை.

சஞ்சிகையின் பெயர் 'கொம்யூனிக்கேஷன்ஸ் ஒவ் த ஏ.சி.எம்.' ஐக்கிய அமெரிக்காவில் 1947இல் தோன்றிய கணினியாளர் சங்கமொன்றின் வெளியீடு. 1958 ஜனவரியில் ஆரம்பமானது. அதே சங்கம் 1954 முதல் நடத்திவந்த சஞ்சிகை கனமான கட்டுரைகளுக்கு உரியதாயிருக்க, இது செய்தியை விரைவாகப் பரிமாறும் ஏடாக அமைந்தது. கடிதத்துக்கும் இடமுண்டு, அறிக்கைக்கும் இடமுண்டு, சில வரிகளில் அடங்கும் அல்கொரிதத்துக்கும் இடமுண்டு. ரொனி ஹோர் என்பவர் தரவுகளை விரைவாக வரிசைப்படுத்துவதற்குக் கண்ட வழி, இன்று உலகெங்கும் முதலாண்டு மாணவர் படிப்பது, 1961 ஜூலை இதழில் 'அல்கொரிதம் 64' என்ற இலக்கத்தின் கீழ் மிகச் சிறிய இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. தரவுத்தளங்களை அட்டவணைகளாக அமைக்கும் கொள்கையை எட்கார் கொட் வெளியிட்டது 1970 ஜூன் இதழில். ரிவெஸ்ற், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவரின் இரகசியக்குறி முறை வந்தது 1978 பெப்ரவரியில். இவற்றைப் பார்க்க நான் எந்த நூலகத்துக்கும் போக வேண்டியிருக்கவில்லை. 1951 முதல் 2000 வரை தான் வெளியிட்டவற்றை அச்சங்கம் 2022 ஏப்ரலில் எவரும் கட்டணமின்றி வாசிக்கத் திறந்துவிட்டது. வாசியாமைக்குச் சொல்லக்கூடிய சாட்டு ஒன்று அத்தோடு இல்லாமற்போயிற்று.

தோழன் சொன்ன கடிதம் 1968 மார்ச் இதழின் 147ஆம், 148ஆம் பக்கங்களில் இருக்கிறது. எழுதியவர் எட்ஸ்கர் டைக்ஸ்ரா. அக்காலத்தில் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரிற் பேராசிரியராயிருந்தவர். செய்நிரல் ஒன்றில் 'இங்கிருந்து இன்ன வரிக்குத் தாவு' எனக் கட்டளையிடும் வழக்கம் அன்று பரவலாக இருந்தது. அந்தக் கட்டளைக்கு 'கோ டூ' என்று பெயர். அதைக் கைவிட வேண்டும் என்பது கடிதத்தின் கட்சி. அவர் காட்டும் காரணம் பொறியைப் பற்றியதன்று, மனிதனைப் பற்றியது. நான் ஆர்வத்தோடு வாசித்தது அதனாலேதான். அசையாத பொருள்களுக்கிடையே உள்ள தொடர்பை நமது அறிவு எளிதிற் பற்றிக்கொள்ளும். காலத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை மனக்கண்ணிற் காண்பதில் அது பலவீனமானது. ஆகவே தாளில் எழுதப்பட்ட செய்நிரலுக்கும் பொறியில் அது ஓடும் ஓட்டத்துக்கும் இடையேயுள்ள தூரத்தை இயன்றவரை குறுக்க வேண்டும். தாவற் கட்டளை அந்தத் தூரத்தைக் கூட்டுகிறது. எந்த வரியில் நிற்கிறோம் என்பதைச் சொன்னாலும் எப்படி அங்கே வந்தோம் என்பதைச் சொல்ல முடியாமற் போகிறது. இவ்வளவும் செய்நிரல் ஒரு வரிதானும் எழுதியறியாத எனக்கே விளங்கிற்று.

கடிதத்தின் ஈற்றில் உசாத்துணைகள் இரண்டே இரண்டு. இரண்டும் அதே சஞ்சிகையில் 1966இல் வந்தவை: ஒன்று வீர்த்தும் ஹோரும் எழுதியது, மற்றையது போமும் ஜக்கோபினியும் எழுதியது. தாவற் கட்டளை தர்க்கரீதியாகத் தேவையற்றது என்பதை ஜக்கோபினி நிறுவியதாகத் தோன்றுகிறது என்று எழுதுகிறார் டைக்ஸ்ரா. அந்தத் 'தோன்றுகிறது' என்ற சொல்லில் நான் நெடுநேரம் நின்றேன். என் இயலில் அடிக்குறிப்பிட்ட இடங்களிலெல்லாம் 'நிறுவியுள்ளார்' என்றே எழுதியிருந்தேன். நானே காணாத நூல்களுக்கும் அதே உறுதி.

இரண்டு உசாத்துணைகளும் அல்லாமல் வேறொரு பகுதியும் அக்கடிதத்தில் உண்டு. தமது சிந்தனையில் யார் யாருடைய செல்வாக்கு விழுந்ததென்று தம்மால் அறுதியிட இயலவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். பீற்றர் லாண்டின், கிறிஸ்ரோபர் ஸ்றேச்சி ஆகியோரின் செல்வாக்கு இருந்திருக்க வேண்டும் என்கிறார். மேலும், 1959இல் கோபன்ஹேகனில் நடந்த கூட்டமொன்றில் ஹைன்ஸ் செமானெக் என்பவர் தாவற் கட்டளையைப் பற்றி ஐயம் தெரிவித்ததை நினைவுகூர்கிறார். அதன் விளைவுகளை அப்பொழுதே சிந்தித்துப் பாராமைக்குத் தம்மையே ஓரளவு நொந்துகொள்கிறார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வாயாற் சொன்ன சொல்! அதற்குப் பக்க இலக்கம் இல்லை. எந்தச் சுட்டியும் அதை எண்ணுவதில்லை. எண்ணப்படுபவை கடைசியில் இருக்கும் அந்த இரண்டே.

தமிழ் மாணவனாகிய எனக்கு இவ்விடத்தில் தொல்காப்பியர் நினைவுக்கு வந்தார். தாம் கூறுவது முன்னைப் புலவர் கூற்று என்பதை அவர் பல நூற்பாக்களிற் சொல்லிச் செல்வார். பெயர் ஒன்றும் சொல்லார். அவர் யாரைக் குறித்தார் என்று இன்று எவராலும் காட்ட முடியாது. ஆனாலும் கடன் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. நான் செய்தது இதற்கு நேர் எதிரானது.

டைக்ஸ்ராவின் கடிதத்துக்குப் பின்னர் நேர்ந்ததும் சுவையானது. அவர் அனுப்பியது கடிதமன்று, கட்டுரை. அவர் இட்ட தலைப்பும் வேறு. சீக்கிரம் வெளிவரட்டும் என்று கருதிய பதிப்பாசிரியர் நிக்லவுஸ் வீர்த் அதைக் கடிதமாக்கி, தாவற் கட்டளை தீங்கானதாகக் கருதப்படுகிறது எனப் பொருள்படும் தலைப்பைத் தாமே சூட்டினார். அந்தத் தலைப்பு பெரும் புகழ் பெற்றுவிட்டது. இன்னது தீங்கானது, இன்னது தீங்கானது என்று அதே வாய்பாட்டில் எத்தனையோ கட்டுரைகள் எழுந்தன. 1987 மார்ச் இதழில் பிராங்க் றூபின் என்பவர், தாவற் கட்டளையைத் தீங்கெனக் கருதுவதே தீங்கென்று தலைப்பிட்டுக் கடிதம் எழுதினார். பெரும் வாதம் மூண்டது. 2001இல், மரணத்துக்கு முந்திய ஆண்டில், டைக்ஸ்ரா இதைத் திரும்பிப் பார்த்து எழுதியபோது, அந்த எழுத்து மிகப் பலராற் சுட்டப்பட்டதென்றும், சுட்டியவர்களிற் பலர் தலைப்புக்கு அப்பால் எதையும் பார்த்தவர்களல்லர் என்றும் வருந்தினார். அவர்கள் பார்த்த அந்தத் தலைப்பும் அவருடையதன்று.

இஃது ஒருவரின் மனக்குறை என்று தள்ளிவிடலாம். ஆனால் அதே சஞ்சிகையின் 1978 ஜூலை இதழில் லெஸ்லி லாம்போர்ட் எழுதிய கட்டுரையின் கதையும் இதுவே. தூரத்தே பிரிந்திருக்கும் கணினிகளுக்குப் பொதுவான மணிக்கூடு இல்லை. ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திகளைக்கொண்டு எது முன், எது பின் என்று எவ்வாறு தீர்மானிப்பது என்பது அக்கட்டுரையின் ஒரு பகுதி. எல்லாப் பொறிகளும் ஒரே கட்டளைகளை ஒரே ஒழுங்கில் நிறைவேற்றினால் எல்லாம் ஒரே நிலையில் நிற்கும். ஆகவே பல பொறிகளை ஒரு பொறிபோல இயக்கலாம் என்பது மற்றைய பகுதி. தமது எழுத்துக்களில் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்டது இதுவே என்று லாம்போர்ட் பிற்காலத்திற் குறித்திருக்கிறார். வாசித்ததாகச் சொல்வோர் பலர். இரண்டாவது பகுதி அதில் இருப்பதை அறிந்த ஒருவரைச் சந்திப்பதோ மிக அரிது என்கிறார். அப்படியொன்று அக்கட்டுரையில் இல்லவேயில்லை என்று சாதித்தவர்களும் உண்டாம். கடைசியில் தாம் எழுதியது நினைவுப் பிசகோ என்று ஐயுற்று, தமது கட்டுரையைத் தாமே திரும்ப எடுத்து வாசித்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. இதை வாசித்தபோது சிரித்தேன். அடுத்த கணம் 226 பக்க நூல் கண்முன் வந்தது.

எண்ணிக்கைக்கு அகப்படாத காலமும் உண்டு. இதே லாம்போர்ட் 1990இல் அச்சங்கத்தின் வேறொரு சஞ்சிகைக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். கணினிகள் சில பழுதுற்றாலும் எஞ்சியவை ஒருமுடிவுக்கு வரும் வழியை, பழங்கால கிரேக்கத் தீவொன்றின் பாராளுமன்றக் கதையாகப் புனைந்து எழுதியிருந்தார். மதிப்பீட்டாளர்களுக்கு அந்த நகை பிடிக்கவில்லை. பொருளும் பெரிதாகத் தோன்றவில்லை. கதையை நீக்கும்படி கேட்டார்கள். அவர் நீக்க மறுத்துக் கட்டுரையை ஒருபுறம் வைத்துவிட்டார். 1998இலேதான் அது அச்சேறியது. இடைப்பட்ட எட்டாண்டுகளில் பட்லர் லாம்ப்சன் போன்ற சிலர் அதன் அருமையை உணர்ந்து பிறருக்கு எடுத்துச் சொல்லிவந்தார்கள். இன்று பெரும் கணினித் தொகுதிகள் பலவற்றில் அம்முறை பயன்படுகிறது. அச்சேறாத அந்த எட்டாண்டுகளிலும் அது பயிலப்பட்டது, ஆனால் எந்த அட்டவணையிலும் ஏறவில்லை.

மேற்கோள்களை எண்ணும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது எதிர்பாராத இடமொன்றுக்குப் போய்ச் சேர்ந்தேன்: நீதிமன்றம். ஐக்கிய அமெரிக்காவில் 1873 முதல் ஷெப்பர்ட் என்பவரின் பெயரால் ஒரு சுட்டி வெளிவந்தது. பழைய தீர்ப்பொன்றைப் பின்வந்த எந்தெந்த வழக்குகள் எடுத்தாண்டன என்று அது காட்டும். அவ்வளவோடு நில்லாமல், பின்வந்த நீதிபதி அதை ஏற்றாரா, வேறுபடுத்தினாரா, தள்ளினாரா என்பதையும் ஒவ்வோர் எழுத்தாற் குறிக்கும். தள்ளப்பட்ட தீர்ப்பை நம்பி வாதாடும் சட்டத்தரணி வழக்கைத் தோற்பார். ஆகவே அந்த எழுத்து முக்கியமானது. இதை முன்மாதிரியாகக் கொண்டு இயூஜின் கார்பீல்ட் 1955இல் விஞ்ஞானத்துக்கும் ஒரு சுட்டி வேண்டுமென எழுதினார். 1964 முதல் பிலடெல்பியாவிலிருந்து அதை ஒழுங்காக வெளியிட்டார். ஆயினும் நீதிமன்றச் சுட்டியிலிருந்த அந்த ஒற்றை எழுத்து விஞ்ஞானச் சுட்டிக்கு வந்து சேரவில்லை. போற்றியதும் ஒன்று, மறுத்ததும் ஒன்று, வாசியாமற் சுட்டியதும் ஒன்று. என் கருத்தில் பின்வந்த கேடுகளிற் பாதி இந்த எழுத்தைத் தொலைத்ததிலிருந்தே தொடங்குகிறது.

அச்சுட்டியிலிருந்து சஞ்சிகைகளுக்குப் புள்ளியிடும் முறை பிறந்தது. ஒரு சஞ்சிகை கடந்த ஈராண்டுகளில் வெளியிட்டவற்றுக்கு இவ்வாண்டிற் கிடைத்த மேற்கோள்கள் தொகுதி. அவ்வீராண்டுகளில் வெளியான ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கை பகுதி. பதிப்பாசிரியருக்கு வரும் கடிதம் கட்டுரையாகக் கொள்ளப்படாமையாற் பகுதியிற் சேராது. அதற்குக் கிடைக்கும் மேற்கோளோ தொகுதியிற் சேரும். டைக்ஸ்ராவின் எழுத்தை இந்தக் கணக்கில் வைத்தால் அது பெறுவது வரும், ஆனால் அது மட்டும் இருக்காது! லாம்போர்ட்டின் கட்டுரையை முப்பது ஆண்டுகளின் பின் ஒருவர் மேற்கோள் காட்டினால் அக்கணக்கில் அதற்கு இடமேயில்லை, ஈராண்டு கடந்துவிட்டது.

சமூகவியலாளர் றொபேட் மேட்டன் 1968இல் எழுதிய கட்டுரையொன்றும் இங்கு நினைக்கத்தக்கது. பெயர் பெற்றவருக்கே மேலும் பெயர் சேர்கிறது என்பதை அவர் விவிலியத்து மத்தேயுவின் பெயரால் வழங்கினார். அக்கட்டுரைக்கு ஆதாரமான நோபல் விஞ்ஞானிகளின் நேர்காணல்களை நடத்தியவர் ஹரியற் சுக்கர்மன் என்ற பெண்மணி. அவரையும் கூட்டாசிரியராக இட்டிருக்க வேண்டும் என்று மேட்டனே பின்னர் ஒப்புக்கொண்டார். கொள்கைக்குத் தக்க உதாரணம் கொள்கையின் அடிக்குறிப்புக்குள்ளேயே இருந்திருக்கிறது.

இவற்றையெல்லாம் திரட்டிக்கொண்டு, எண்ணிக்கை என்பதே பொய் என்று தோழனோடு வாதிட்டேன். அவன் இசையவில்லை. அவன் பட்டப்பின் படிப்புக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கத் தொடங்கியிருந்தான்.

"உனக்குச் சொல்ல லேசு" என்றான். "எங்கட கம்பஸின்ர பேர் அங்க ஆருக்குத் தெரியும்? கட்டுரையொண்டு வந்து, அதை நாலு பேர் எடுத்துக் காட்டினால்தான் நான் இருக்கிறன் எண்டு தெரியும். பேரைப் பாக்கிறதை விட எண்ணிப் பாக்கிறது பரவாயில்லை."

இதற்கு விடை என்னிடம் இருக்கவில்லை. எண்ணிக்கை இல்லாத காலத்தில் ஒருவரையொருவர் அறிந்த பேராசிரியர் சிலரின் கடிதமே எல்லாவற்றையும் தீர்மானித்தது என்பது உண்மை. கார்பீல்டின் சுட்டி வந்ததனால்தான் எங்கோ இருக்கும் ஒருவர், பழைய கட்டுரையொன்றிலிருந்து முன்னோக்கிச் சென்று, பின்வந்தோர் அதை என்ன செய்தனர் என்று தேட முடிந்தது. அது சிறிய நன்மையன்று.

ஆனால் தோழன் வேறொன்றையும் சொன்னான். அது என் பக்கத்துக்கே வலுச் சேர்த்தது. கணினி விஞ்ஞானத்தில் முக்கியமான ஆய்வுகள் மிகுதியும் சஞ்சிகைகளில் அன்றி மாநாடுகளிலேயே முதலில் வெளிவருகின்றன. மற்றை விஞ்ஞானங்களில் இவ்வழக்கம் இல்லை. அச்சஞ்சிகையின் பதிப்பாசிரியர் மோஷே வார்டியே 2009 மே இதழில், எங்கள் துறை வீதியின் பிழையான பக்கத்தில் ஓடுகிறதோ என்று வினவி எழுதியிருக்கிறார். மேற்கோட் சுட்டியோ சஞ்சிகைகளை நம்பி வளர்ந்தது. மாநாட்டு ஏடுகளுக்கான தனிச்சுட்டி 2008இலேதான் வந்தது. சஞ்சிகையில் எழுதினால் துறையார் பார்ப்பது குறைவு. மாநாட்டில் எழுதினால் நெடுங்காலம் சுட்டி பார்க்கவில்லை. மாநாட்டுக்குக் கட்டுரை ஏற்கப்பட்டாலும் பதிவுக் கட்டணம், விமானச் சீட்டு, விசா என்று வரிசையாக நிற்கும். "எண்ணுறவனுக்கு இதெல்லாம் தெரியாது" என்று கூறிவிட்டு அவன் நுளம்பு வலைக்குள் புகுந்துகொண்டான்.

அவன் உறங்கியபின் என் இயலை எடுத்து உசாத்துணைப் பட்டியலை ஒவ்வொன்றாகச் சரி பார்த்தேன். மொத்தம் 31. நான் முழுதாக வாசித்தவை 12. ஓர் இயலேனும் வாசித்தவை 8. எஞ்சிய பதினொன்றும் பிறர் அடிக்குறிப்புகளிலிருந்து வந்து குடியேறியவை. பதினொன்றையும் வெட்டினேன். வெட்டிய இடங்களில் வாக்கியங்கள் எவ்வித சேதமுமின்றி அப்படியே நின்றன என்பதுதான் எனக்கு வெட்கமாயிருந்தது. அவை எதையும் தாங்கி நிற்கவில்லை. வாசலில் கட்டிய தோரணங்கள்.

ஒன்று மட்டும் வேறாக இருந்தது. அதுவே 241ஆம் பக்கம். அவ்விடத்தில் நான் எழுதியிருந்தது இது: வரவு ஆடி முடியும்வரை களரியில் ஆடுபவன் ஊர்க்காரனே, தாளம் தீர்ந்து, வட்டம் சுற்றி நின்ற பின்னரே அவன் அரசனாகிறான். சடங்கிலிருந்து நாடகம் பிரியும் இடத்தை நான் விளங்கிக்கொண்டது இதிலேதான். இயலின் உயிர் என்று நான் கருதியதும் இதுவே. ஆனால் இதை எந்த ஆங்கில நூலிலும் நான் படிக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், விடுமுறையில், எங்கள் ஊர் அண்ணாவியார் தமது வீட்டுத் திண்ணையில் மத்தளத்துக்கு வார் இழுத்துக்கொண்டே சொன்னது. அவர் பெயரை எழுதினால் ஆய்வுக்கு மதிப்பு இராது என்று எண்ணி, நூலொன்றின் பெயரை அவ்விடத்தில் வைத்தேன். பின்னர் மேற்பார்வையாளரின் நூலை இரவல் வாங்கி 214ஆம் பக்கத்தை வாசித்தேன். அது வேறொரு கண்டத்தின் முகமூடி நடனத்தைப் பற்றியது. என் கருத்துக்கு அதில் ஒரு வரிகூட ஆதாரமில்லை.

சித்திரை விடுமுறைக்கு ஊர் போனபோது திருத்திய தாள்களை அண்ணாவியாரிடம் கொண்டுசென்றேன். புதிய அடிக்குறிப்பில் அவர் பெயர், ஊர், உரையாடிய நாள் எல்லாம் இருந்தன. அந்தப் பந்தியை வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன்.

"அது என்ட கதையில்ல மனே" என்றார். "எங்கட அண்ணாவியார் சொன்னது. அவர்ர பேர எழுது."

பெயரைச் சொன்னார். வாவிக்கு அக்கரையிலுள்ள ஊரையும் சொன்னார். அந்த அண்ணாவியார் யாரிடம் கேட்டார் என்று வினவினேன். அவருக்கு நினைவில்லை. திண்ணையில் வைத்தே பேனாவை எடுத்து அடிக்குறிப்பை மறுபடி எழுதினேன். நான்கு வரிகளாக நீண்டுவிட்டது. பக்க இலக்கம் இல்லை. இயல் இவ்வாரம் மீண்டும் மேற்பார்வையாளரின் மேசைக்குச் சென்றிருக்கிறது.